திங்கள், வியாழன், இரண்டு சாச்சாமார்

எங்கள் அலுவலகக் கேண்டீனில் பரிமாறும் அக்காவுக்கு யாருக்கு எந்தக் கிழமை என்பது அத்துப்படி. கணக்குப் பிரிவில் ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் கவிச்சி தொட மாட்டார். மேல்தளத்தில் ஒரு சாய்பாபா பக்தர், வியாழக்கிழமை ஒருபொழுது. புரட்டாசி பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் முட்டை மிஞ்சிப் போகும். அந்த மனக்கணக்கில் எனக்கும் ஒரு வரி உண்டு: திங்களும் வியாழனும் பாய்க்குச் சாப்பாடு வேண்டாம். புதிதாக வந்த இளைஞர் ஒருவர், "ரம்ஜான்தான் முடிந்துவிட்டதே, இப்போது என்ன நோன்பு?" என்று என்னைக் கேட்டபோது அக்காதான் பதில் சொன்னார். "அது வருஷக் கணக்கு தம்பி, இது வாரக் கணக்கு."

ரமலானுக்குப் பிறை உண்டு, கஞ்சி உண்டு, பத்திரிகையில் நோன்பு திறக்கும் நேரம் வரும். வாரக் கணக்குக்கு இந்த ஆரவாரம் எதுவும் கிடையாது. ஆனால் எங்களைப் போலக் கடற்கரை ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு மார்க்கம் என்பது பெரும்பாலும் இந்த வாரக் கணக்காகத்தான் உடம்பில் ஏறியது. வருஷத்துக்கு ஒருமுறை வருவதை வரவேற்கத் தெரிந்தால் போதும். வாரம் தவறாமல் வருவதோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

இஸ்லாமிய நாள் மஃரிபில் தொடங்குகிறது. எனவே வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததுமே வெள்ளி பிறந்துவிடும். எங்கள் ஊரில் 'வெள்ளி இரவு வா' என்று ஒருவர் சொன்னால் வியாழக்கிழமை இரவு போய் நிற்க வேண்டும். வெளியூர் மாப்பிள்ளைகள் இதில் ஏமாந்த கதைகள் நிறைய உண்டு. மக்தபு (குர்ஆன் ஓதக் கற்கும் பள்ளி) பிள்ளைகளான எங்களுக்கு மறுநாள் விடுமுறை என்பதால் அந்த மாலைக்குத் தனி வெளிச்சம். மஃரிபு தொழுததும் வாப்பா நடுவீட்டில் பாய் விரிப்பார். உம்மா சாம்பிராணிச் சட்டியை மூலைக்கு மூலை காட்டிவிட்டுத் திண்ணையில் வைப்பார். குர்ஆனின் யாசீன் அத்தியாயம் மட்டும் உள்ள, பச்சை அட்டை போட்ட கிதாபுகள், ஓரம் எல்லாம் விரல் பட்டுக் கறுத்தவை, ஆளுக்கு ஒன்றாகக் கைமாறும். மனப்பாடமாக ஓதத் தெரிந்த லாத்தாவும் (அக்கா) கிதாபை மடியில் விரித்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டால், பார்த்து ஓதுவதில் கண்ணுக்கும் நன்மை என்பாள். ஓதி முடித்து, இறந்துபோனவர்களின் பெயர்களைச் சொல்லி வாப்பா துஆ கேட்பார். பாட்டனுக்குப் பாட்டன் பெயர்கள் எல்லாம் எனக்கு அந்தத் துஆவில்தான் தெரிய வந்தன. வேறு எந்தக் காகிதத்திலும் அவை இல்லை.

இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய், ராத்திபு என்ற துதித் தொகுப்பை ஓதுவார்கள். பெண்களுக்கென்று தனித் தைக்காக்கள் (கூடி ஓதும் இடங்கள்) உண்டு. அங்கே அவர்களே தலைமை, அவர்களே குரல். எங்கள் பள்ளியில் ஓதியது ஹத்தாது ராத்திபு. யமனின் ஹள்ரமவ்த் பகுதியில், தரீம் நகரத்தில் வாழ்ந்த இமாம் அப்துல்லாஹ் பின் அலவி அல்ஹத்தாத் (1634–1720) தொகுத்தது. சிறு வயதிலேயே அம்மையில் பார்வை இழந்தவர் அவர். அந்தத் தொகுப்பு ஹள்ரமிகளோடு கப்பலேறி மலபாருக்கும் ஜாவாவுக்கும் நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. தரீமில் அது இரவுதோறும் ஓதுவது. எங்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை. சில ஊர்களில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்ற இமாமுல் அரூஸ் (1816–1898) தொகுத்த ஜலாலிய்யா ராத்திபு நடக்கும். அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் நம் பெண்களுக்குத் தொழுகை முறையெல்லாம் எழுதித் தந்தவர் அவர். சிறு சிறு திக்ருகள் (இறைவனை நினைக்கும் வரிகள்) மும்மூன்று முறை வரும். நடுவே 'லாயிலாஹ இல்லல்லாஹ்' நீண்டு, கூட்டம் முழுவதும் ஒரே மூச்சாகும். அந்த இடத்தில் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். நாங்கள் திறந்துகொண்டு, ஓதி முடித்ததும் பங்கிடும் நார்சா தட்டு எந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கிறது என்று பார்ப்போம்.

எங்கள் குடும்பத்தில் இடி விழுந்தது இந்த யாசீன் மேல்தான்.

வாப்பாவுக்கு இரண்டு தம்பிகள். பெரிய சாச்சா ஊரைவிட்டு நகராதவர், ராத்திபுக்கு முன்வரிசை. சின்ன சாச்சா சவூதியில் பல காலம் வேலை பார்த்துவிட்டு, ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களோடு திரும்பியவர். வந்த கொஞ்ச நாளில், வெள்ளி இரவுக்கென்று யாசீனை ஒதுக்குவதற்கு ஆதாரம் எங்கே என்று நடுவீட்டில் கேட்டார். குர்ஆனை எப்போதும் ஓதலாம், நாள் குறித்து ஓத வேண்டுமானால் நபி (ஸல்) குறித்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பெரிய சாச்சா, வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து ஓதுகிறோமே, அவர்கள் எல்லாம் வழிகேடர்களா என்றார். கேள்வி மார்க்கத்திலிருந்து பாட்டனாருக்குத் தாவியதும் முடிந்தது கதை. எதிரெதிர் வீடுகள். பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லை. 1980களுக்குப் பிறகு தமிழ் முஸ்லிம் ஊர்களில் இப்படிப் பேச்சு நின்ற வீடுகளைக் கணக்கெடுத்தால் ஒரு தாலுகா தேறும்.

இதில் வேடிக்கை, இருவருமே திங்களும் வியாழனும் நோன்பு பிடிப்பவர்கள். அதில் கருத்து வேறுபாடே கிடையாது. திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அன்றுதான் தாம் பிறந்ததாகவும் அன்றுதான் தமக்கு வஹீ (இறைச்செய்தி) அருளப்பட்டதாகவும் நபி (ஸல்) சொன்னார்கள். இது 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. அறிவிப்பவர் அபூகத்தாதா (ரலி). திங்களும் வியாழனும் அடியார்களின் அமல்கள் (செயல்கள்) அல்லாஹ்விடம் எடுத்துக்காட்டப்படுகின்றன, தம் அமல் காட்டப்படும்போது தாம் நோன்பாளியாக இருப்பதை விரும்புவதாகச் சொன்னார்கள் என்பது திர்மிதி என்ற இன்னொரு தொகுப்பில் வருவது. நபியின் பிறப்பைப் புகழ்ந்து மவ்லிது ஓதுகிறவர்கள் முதல் ஹதீஸைக் கையில் எடுப்பார்கள்: பெருமானாரே தம் பிறந்த கிழமையைக் கொண்டாடினார்களே! எதிர்த்தரப்பு அதே ஹதீஸைத் திருப்பும்: நோன்பால் கொண்டாடினார்கள், நெய்ச்சோற்றாலா? இரண்டு பக்கமும் கேட்டு வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன், இரண்டுமே நல்ல கேள்விகள்.

இந்த இரு கிழமைகளுக்கும் இஸ்லாத்துக்கு முந்திய வரலாறும் உண்டு. யூத மரபில் திங்களும் வியாழனும் தங்கள் வேதமான தோராவைச் சபையில் வாசிக்கும் நாட்கள். பக்தி மிகுந்தவர்கள் நோன்பு இருந்த நாட்களும் அவைதான். லூக்கா நற்செய்தியில் வரும் பரிசேயர் (யூதப் பிரிவு ஒன்றைச் சேர்ந்தவர்) வாரத்துக்கு இரண்டு நோன்பு இருப்பதாகப் பெருமை பேசுவார். தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களின் 'டிடாக்கே' என்ற கைநூல், அவர்கள் திங்களும் வியாழனும் நோன்பிருக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள் என்று தன் மக்களுக்குச் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டக் கிழமையைப் பயன்படுத்துவது அவ்வளவு பழைய வழக்கம். கேண்டீன் அக்கா அந்தக் காலத்தில் இருந்திருந்தால் யாருக்கு எந்தக் கிழமை என்று பிசகாமல் சொல்லியிருப்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது, கிழமைகளுக்குச் சிறப்பு தருகிற ஹதீஸ்கள் கூடவே ஒரு வேலியையும் போட்டு வைத்திருப்பது. வெள்ளிக்கிழமை வாரத்தின் தலை நாள். அப்படியானால் அன்று நோன்பு இருப்பதுதானே பொருத்தம்? கிடையாது. முந்தைய நாளோ பிந்தைய நாளோ சேர்க்காமல் வெள்ளியை மட்டும் தனித்து நோன்பு பிடிக்காதீர்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் தடையே இருக்கிறது. நபியவர்களின் மனைவி ஜுவைரியா (ரலி) ஒரு வெள்ளிக்கிழமை நோன்போடு இருந்தார்கள். நேற்று நோன்பு இருந்தாயா? இல்லை. நாளை இருக்கப் போகிறாயா? இல்லை. அப்படியானால் நோன்பை விட்டுவிடு. இது புகாரியில் வருகிறது. பக்திக்கு இப்படிக் கடிவாளம் போடுகிற இடங்களைச் சொற்பொழிவாளர்கள் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். வெள்ளி இரவை மட்டும் தனித்து எடுத்து நின்று வணங்காதீர்கள் என்பதும் முஸ்லிமில் உண்டு. சின்ன சாச்சா இதைத்தான் அடிக்கடி எடுத்துக் காட்டுவார்.

சனிக்கிழமை கதை இன்னும் சுவையானது. கடமையான நோன்பைத் தவிரச் சனியன்று நோன்பு பிடிக்காதீர்கள் என்று ஓர் அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது. அதைப் பதிவு செய்த அபூதாவூதே, இது மாற்றப்பட்டுவிட்ட சட்டம் என்கிறார். அது பொய் என்று இமாம் மாலிக் சொன்னதையும் அதே இடத்தில் குறித்து வைக்கிறார். திர்மிதியோ, அந்த நாளை மட்டும் தனித்து எடுக்கக் கூடாது என்பதுதான் பொருள் என்று சமாதானம் சொல்கிறார். அதே திர்மிதியில் ஆயிஷா (ரலி) வழியாக வரும் செய்தி ஒன்று: நபி (ஸல்) ஒரு மாதத்தில் சனி, ஞாயிறு, திங்கள் நோன்பு இருப்பார்கள், அடுத்த மாதத்தில் செவ்வாய், புதன், வியாழன் இருப்பார்கள். எந்தக் கிழமையும் மனக்குறைப்பட வேண்டாம் என்பதுபோல ஒரு சுற்று.

நடைமுறைக்கு வருவோம். உபரியான நோன்பு ரமலானைப்போல் இறுக்கமானது இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும், அப்படியானால் நான் நோன்பு என்று நபியவர்கள் சொன்ன செய்தி முஸ்லிமில் உண்டு. அதை வைத்துத்தான், விடிந்ததிலிருந்து எதுவும் சாப்பிடாமல் இருந்தால் சூரியன் உச்சி சாய்வதற்குள் நிய்யத்து (நோன்பு இருக்கும் எண்ணம்) வைத்துக்கொள்ளலாம் என்கிறது எங்கள் ஷாஃபி மத்ஹபு (சட்டப் பள்ளி). திங்கட்கிழமை காலை மின்சார ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இட்லியைத் தவறவிட்டவன், பதினோரு மணிக்கு நோன்பாளியாகிவிட முடியும். நான் ஆகியிருக்கிறேன். இடையில் முறித்துவிட்டால்? ஷாஃபியில் மீண்டும் பிடித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஹனஃபி என்ற இன்னொரு மத்ஹபில் உண்டு. வாணியம்பாடிக்கார நண்பர் ஒருவர் என்னோடு வேலை பார்த்தார், ஹனஃபி. மேலாளர் வீட்டு விசேஷத்து கேசரி திடீரென்று மேசைக்கு வந்த ஒரு வியாழக்கிழமை, நான் முகத்துக்காக ஒரு வாய் போட்டுக்கொண்டேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு, "உங்கள் இமாம் இளகிய மனசுக்காரர்" என்றார்.

பெண்களின் கணக்கு தனி. மாதவிலக்கால் ரமலானில் விடுபட்ட நோன்புகளை அடுத்த ரமலானுக்குள் களா செய்ய, அதாவது ஈடாகப் பிடித்துத் தீர்க்க வேண்டும். எங்கள் தெருவில் லாத்தாமார் அதற்குத் திங்களையும் வியாழனையும்தான் தேர்ந்தெடுப்பார்கள். கடனும் தீரும், சுன்னத்தான (நபிவழியான) நாளின் நன்மையும் கிடைக்கும். ஷாஃபி இமாம்களில் ரம்லீ போன்றவர்கள் இப்படி இரண்டும் சேரும் என்று சொல்லியிருப்பது லாத்தாமாருக்குப் பெயரளவில் தெரியாது, நடைமுறையில் தெரியும். ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதம் பிறந்துவிட்டால் பாக்கி எத்தனை என்று வாசற்படியில் உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணுவதைப் பார்க்கலாம். பிரசவம் நடந்த வருஷத்துக் கடன்காரர்களுக்கு ஊரே அனுதாபப்படும்.

வெள்ளிக்கிழமை சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகையைத் தவறவிடாதவர்களுக்கு ஒரு காட்சி தெரிந்திருக்கும். முதல் ரக்அத்தில் (தொழுகையின் ஒரு சுற்று) ஸஜ்தா சூராவும் (அத்தியாயம்) இரண்டாவதில் இன்ஸான் சூராவும் ஓதுவது நபிவழி. ஷாஃபி பள்ளிகளில் அது வாரம் தவறாது. ஸஜ்தா சூராவின் 15ஆவது வசனத்தில் சிரம் பணிய வேண்டும். இமாம் நிலையிலிருந்து நேரே தரைக்குப் போவார். பழகியவர்கள் கூடவே இறங்குவார்கள். முந்தைய இரவு பஸ்ஸில் வந்திறங்கிய, ஹனஃபி ஊரைச் சேர்ந்த பயணி மட்டும், தக்பீர் கேட்டதும் ருகூவுக்குக் குனிவார். பக்கத்தில் ஆளைக் காணாமல் திகைப்பார். அவர் தரைக்கு இறங்குவதற்குள் வரிசை எழுந்து நின்றுவிடும். ஆங்காங்கே தொண்டையைச் செருமும் சத்தம். ஹனஃபி சட்டத்தில், குறிப்பிட்ட சூராவை ஒரு தொழுகைக்கென்றே நிரந்தரமாக்கினால் பாமரர்கள் அதைக் கடமை என்று நினைத்துவிடுவார்கள் என்ற கவலை உண்டு. அதனால் அவ்வப்போது ஓதி அவ்வப்போது விடுவார்கள். நாள் குறித்த அமல் நாளடைவில் சட்டமாக உறைந்துவிடும் என்ற அச்சம் சின்ன சாச்சாவின் பெட்டியோடு வந்திறங்கியதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கஹ்ஃபு சூரா 110 வசனங்கள். வெள்ளிக்கிழமை அதை ஓதுகிறவருக்கு இரண்டு ஜும்ஆக்களுக்கு இடையே ஒளி நிலைக்கும் என்று ஹாகிமும் பைஹகீயும் பதிவு செய்திருக்கிறார்கள். அது நபிமொழியா, அறிவிக்கும் அபூ ஸயீத் (ரலி) அவர்களின் சொல்லா என்ற விவாதம் உண்டு. ஆனாலும் இரு தரப்பு வீடுகளிலும் ஓதுகிறார்கள். எனக்கு அது தாம்பரத்திலிருந்து கடற்கரை வரையிலான ரயில் பயணத்துக்குச் சரியாக இருக்கிறது. குகைக்குள் தூங்கி, பழைய காசோடு சந்தைக்குப் போய் விழித்த இளைஞர்கள். தோட்டத்தைப் பார்த்துப் பூரித்து, இது அழியவே அழியாது என்று நினைத்தவன். கேள்வி கேட்காதே என்று சொல்லியும் கேட்டுக்கொண்டே இருந்த மூஸா நபி. கதைக்குப் பஞ்சமில்லாத சூரா. பதிப்பு சிலவற்றில் 19ஆவது வசனத்தில் ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், எழுத்துக் கணக்கில் அதுதான் குர்ஆனின் நட்டநடு என்று. மாம்பலம் வரும்போது பெரும்பாலும் அதைத் தாண்டியிருப்பேன். அதற்குள் கைப்பேசியில் ரோஜாப்பூ படம் போட்ட 'ஜும்ஆ முபாரக்'குகள் இருபது முப்பது வந்து குவிந்துவிடும். அவற்றுக்கு ஆதாரம் கேட்டு இதுவரை எந்தச் சாச்சாவும் சண்டை போட்டதில்லை.

வாரத்தை வைத்துப் புத்தகத்தையே பகுத்துவிட்டவர்களும் உண்டு. குர்ஆனின் ஏழு மன்ஸில்கள், நாளுக்கு ஒன்றாக ஓதி ஏழு நாளில் முடிப்பதற்கான பகுப்பு. மொராக்கோவைச் சேர்ந்த இமாம் ஜஸூலி (மறைவு 1465) தொகுத்த 'தலாயிலுல் கைராத்' முழுவதும் ஸலவாத்து (நபி மீதான வாழ்த்து). அது திங்கட்கிழமை தொடங்கி அடுத்த திங்களில் முடியும். எனவே எட்டுப் பகுதிகள். முடிக்கிற நாளும் மறுபடி தொடங்குகிற நாளும் ஒன்றே, ஓதுகிறவர் இளைப்பாற இடமே கிடையாது. துருக்கியர் அதை மக்கா, மதீனா ஓவியங்களோடு பொன்னெழுத்தில் படியெடுத்தார்கள். நம் ஊர் ஆலிம்கள் சிலர் சட்டைப்பை அளவுப் பதிப்பைக் கூடவே வைத்திருப்பார்கள். அவர்களிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டால் பக்கத்தைத் திறந்து பார்த்தே சொல்லிவிடலாம்.

இது அளவு மீறியும் போயிருக்கிறது. இமாம் கஸ்ஸாலியின் இஹ்யா உலூமித்தீன் என்ற நூலில் ஞாயிறுக்கு இத்தனை ரக்அத், திங்களுக்கு இத்தனை என்று ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வோர் இரவுக்கும் தொழுகைகள் வருகின்றன. அவற்றுக்குச் சொல்லப்படும் நன்மைகளைக் கேட்டால் தலை சுற்றும். பின்னால் வந்த ஹதீஸ்கலை அறிஞர் இராக்கீ (மறைவு 1404) இஹ்யாவின் செய்திகளை ஒவ்வொன்றாகத் துருவி, இந்தப் பகுதியில் வருபவற்றில் பலவற்றைப் பலவீனம் என்றும் அடிப்படை இல்லை என்றும் ஒதுக்கினார். ரஜபு மாதத்தின் முதல் வியாழன் நோன்பிருந்து, அன்று மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் 12 ரக்அத் தொழும் 'ரகாயிப்' தொழுகையும் இஹ்யாவில் உண்டு. ஜெருசலேம் மக்கள் எல்லாரும் அதை விடாமல் தொழுவதைக் கண்டதால் தாம் சேர்த்ததாகக் கஸ்ஸாலியே எழுதுகிறார். அங்கே அது ஹிஜ்ரி 480க்குப் பிறகுதான் வழக்கத்துக்கு வந்தது என்று அக்காலத்திலேயே குறித்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் திமிஷ்கில் (டமாஸ்கஸ்) இது பெரிய சண்டையானது. உமய்யாப் பள்ளியின் கதீபாக (வெள்ளிக்கிழமை உரை நிகழ்த்துபவர்) இருந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் அது கூடாது என்றார். ஹதீஸ்கலையின் பெரும்புள்ளியான இப்னுஸ் ஸலாஹ் ஆதரித்து எழுதினார். இருவருமே ஷாஃபிகள். ஒருவருக்கொருவர் மறுப்பு நூல்கள். கிட்டத்தட்ட எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் நடுவீட்டில் நடந்ததும் அதேதான், அறிவு மட்டும் கொஞ்சம் குறைவு.

இதில் இமாம் நவவீயின் (மறைவு 1277) நிலைதான் எங்கள் குடும்பத்துக்கு முக்கியம். ரகாயிப் தொழுகை மோசமான பித்அத்து (மார்க்கத்தில் புதிதாகப் புகுத்தியது), இஹ்யாவில் இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள் என்று எழுதியவர் அவர். சின்ன சாச்சா அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறார். செயல்களின் சிறப்பைப் பற்றிய விஷயத்தில், இட்டுக்கட்டப்பட்டதாக இல்லாத வரை, பலவீனமான ஹதீஸைக் கொண்டும் அமல் செய்யலாம் என்று எழுதியவரும் அதே நவவீதான். அது பெரிய சாச்சாவின் பக்கம். வெள்ளி இரவு யாசீனுக்கு அவர் நிற்கும் தரை. ஒரே இமாம், ஒரே மத்ஹபு, இரண்டு பக்கங்கள், நடுவில் எட்டடிச் சந்து.

நான் யார் கட்சி என்று கேட்பார்கள். நாளுக்கென்று நோய் தீர்க்கும் சக்தியை ஏற்றும்போது எனக்கு ஒவ்வாது. சின்ன வயதில் ஸஃபர் மாதத்தின் கடைசிப் புதன், ஒடுக்கத்துப் புதன் என்பார்கள், அன்று பலா முஸீபத்து (துன்பங்கள்) இறங்கும் என்று பயந்து, மாவிலையில் குங்குமப்பூக் கரைசலால் 'ஸலாம்' என்ற சொல் வரும் குர்ஆன் வசனங்களை எழுதி, கழுவிக் குடிக்கத் தருவார்கள். நாக்கில் துவர்ப்பும் பூ வாசமும் இன்னும் இருக்கின்றன. ஆனால் ஸஃபரில் பீடை இல்லை என்று புகாரியிலேயே இருக்கும்போது அந்தப் புதன் என்ன பாவம் செய்தது? அங்கே நான் சின்ன சாச்சா பக்கம். யாசீன் கூடாது என்று நடுவீட்டுப் பாயைச் சுருட்டச் சொன்னால் பெரிய சாச்சா பக்கம். பாட்டன்மார் பெயரைச் சொல்ல வீட்டில் வேறு நேரம் எப்போது கிடைத்தது?

ஆனால் இந்த வழக்கைவிட என்னை நெடுநாள் உறுத்தியது இன்னொரு ஹதீஸ். முஸ்லிமில், அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது. திங்களும் வியாழனும் சொர்க்கத்தின் வாசல்கள் திறக்கப்படுகின்றன. அல்லாஹ்வுக்கு இணைவைக்காத ஒவ்வோர் அடியாருக்கும் மன்னிப்பு. ஒருவரைத் தவிர: தன் சகோதரனோடு பகைத்துக்கொண்டிருப்பவன். இவ்விருவரும் சமாதானம் ஆகும் வரை இவர்களை நிறுத்தி வையுங்கள் என்று சொல்லப்படும், மூன்று முறை. யார் பக்கம் நியாயம் என்று அங்கே விசாரணை இல்லை. இருவரும் நிறுத்தி வைக்கப்படுகிறார்கள்.

எங்கள் சாச்சாமார் இருவரும் ஒவ்வொரு திங்களும் வியாழனும் ஒரே பாங்குக்குக் காது கொடுத்து, சந்தின் இரு கரையிலும் ஒரே நிமிஷத்தில் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார்கள். சாச்சிமார் இந்தப் போரில் சேரவே இல்லை. எந்த வீட்டில் கஞ்சி காய்ச்சினாலும் ஒரு தூக்குச்சட்டி சந்தைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போகும். சின்ன சாச்சா நோன்பு திறந்தது பல நாள் பெரிய சாச்சா வீட்டுக் கஞ்சியில்தான். தெரிந்துதான் குடித்தார். சுக்கு கொஞ்சம் தூக்கல் என்று குறையும் சொல்வார், சுவரைப் பார்த்து.

ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று இரவுகளுக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது, இருவரில் சிறந்தவர் ஸலாமை முந்திச் சொல்பவர் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. திங்களன்று சண்டை போட்டவனுக்கு அடுத்த கணக்கு வியாழன். நடுவே இருப்பவை சரியாக மூன்று இரவுகள். இதை எந்த உரைநூலிலும் நான் படிக்கவில்லை, நானாகக் கூட்டிப் பார்த்தது. பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு எங்கள் பள்ளி ஹஜ்ரத் (இமாம்) தன் பயானில் (சொற்பொழிவில்) இந்த ஹதீஸையே வாசித்தார். சாச்சாமார் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள், தூணுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரமும் நடக்கவில்லை. சில மாதம் கழித்துத்தான் சின்ன சாச்சா பஜாரில் அண்ணனைப் பார்த்து ஸலாம் சொன்னார். ஹதீஸ்தான் காரணம் என்று ஹஜ்ரத் நம்புகிறார். மகளின் கல்யாணப் பத்திரிகையில் குடும்பத்து மூத்தவர் பெயர் இல்லாமல் அச்சடிக்க முடியாது என்று தான் போட்ட போடுதான் காரணம் என்கிறார் சின்ன சாச்சி. பெரிய சாச்சா ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு, கஞ்சியில் சுக்கு அளவாகத்தான் போடுகிறோம் என்றாராம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை காலை மீன்கடையில் இருவரும் தோளுரச நின்றுகொண்டு, பலவீனமான ஹதீஸைப் பற்றி நவவீ சொன்ன நிபந்தனை என்ன என்று தெருவுக்கே கேட்கும்படி வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் சீலா மீன், இன்னொருவர் கையில் கைப்பேசியில் அந்த நகலெடுத்த பக்கம். மீன்காரப் பெண் இரண்டு தரம் விலை சொல்லிப் பார்த்துவிட்டு, "பாய், ஃபத்வா அப்புறம் கொடுங்கள். அதை முதலில் தராசில் வையுங்கள்" என்றார்.